இரைச்சலுக்குள் உவகை: திருவனந்தபுரத்திலிருந்து ஹெவி மெட்டலைக் கேட்பது

'அவியல்' குழு 2008இல் தன் பெயரிலேயே வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பில் 'ஆடு பாம்பே' என்றொரு பாட்டு இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 2003இல் உருவான ராக் குழு அது. எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் முழங்கும் அந்தப் பாட்டின் சொற்கள் ஸ்ரீ நாராயண குரு இயற்றிய 'குண்டலினிப் பாட்டி'லிருந்து வந்தவை. திருவனந்தபுரத்தின் செம்பழந்தியில் 1856இல் பிறந்த குரு, இதே ஊரில் தைக்காடு அய்யாவு சுவாமிகள் என்ற தமிழரிடம் யோகம் பயின்றவர். தமிழிலும் பதிகங்கள் பாடியவர். பாம்பாட்டிச் சித்தர் பாம்பை ஆடச் சொன்ன மரபு அவருக்கு நன்றாகத் தெரியும். குண்டலினிப் பாட்டின் பொருள் பேரின்பம். இறைவனின் கூத்தைக் கண்டு களித்து ஆடும்படி உள்ளிருக்கும் பாம்பை அது அழைக்கிறது.

பேரின்பத்தைப் பாட எதற்கு இவ்வளவு இரைச்சல் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, விரிவான பதிலுக்கும் உரியது. அவியல் குழு செய்வது மாற்று ராக். அதைவிடக் கனமான ஹெவி மெட்டலைப் பற்றி இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழும். மெட்டல் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது மண்டையோடு அச்சிட்ட கறுப்புச் சட்டை, உறுமும் குரல், சாவைப் பற்றிய பாடல்கள். ஆனால் மெட்டலைத் தொடர்ந்து கேட்பவர்களிடம் பேசினால், பலரும் முதலில் சொல்வது அது தரும் மகிழ்ச்சியைத்தான். கேட்டவுடனே குதூகலமாக ஒலிக்கும் மெட்டல் பாடல்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. சினத்தோடு ஒலித்தும் கேட்பவரை மகிழ்விப்பவை அவற்றைவிட அதிகம்.

இந்த மகிழ்ச்சி விதிவிலக்கு அன்று என்பது என் வாதம். கனத்த ஒலியின் இயல்பிலேயே அது இருக்கிறது. அதைக் காட்ட வெகுதூரம் போகத் தேவையில்லை. தம்புரா, செண்டை, த்ராஷ் மெட்டல் மூன்றும் ஒலிக்கும் திருவனந்தபுரமே போதும்.

பேய் ஸ்வரமும் மங்கல ராகமும்

மெட்டலின் பிறப்பை வழக்கமாக 1970 பிப்ரவரியில் வைப்பார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த 'பிளாக் சாபத்' குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது அப்போதுதான். குழுவின் கிடார் கலைஞர் டோனி அயோமி உலோகத் தகடு ஆலையில் வேலை பார்த்தபோது வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்துகொண்டு, மெல்லிய தந்திகளைப் பூட்டி வாசித்தார். பிறகு தந்திகளின் இழுவையைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். கனத்த, தாழ்ந்த மெட்டல் ஒலி இப்படி உருப்பெற்றது.

அந்த இசைத்தட்டின் முதல் பாட்டு சட்ஜத்திலிருந்து பிரதி மத்யமத்துக்குப் போய் நிற்கிறது. ஐரோப்பிய மரபில் இந்த இடைவெளிக்குச் சாத்தானின் பெயரே உண்டு. திகில் படங்களில் அச்சமூட்டப் பயன்படுவதும் இதுதான். ஆனால் அதே பிரதி மத்யமம் நம் கல்யாணி ராகத்தின் உயிர். கல்யாணியைக் கேட்டு யாரும் அஞ்சுவதில்லை. மங்கல நிகழ்ச்சிகளுக்கு விரும்பிப் பாடும் ராகம் அது. கல்யாணியில் பிரதி மத்யமம் அந்தர காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே இழைந்து வருகிறது. பிளாக் சாபத்தின் பாட்டில் சட்ஜத்துக்கு எதிரே தனியாக நிற்கிறது. ஸ்வரம் ஒன்றாக இருந்தும் அதன் அண்டையும் நடையும் மாறியதால் உணர்ச்சி மாறிவிட்டது.

மெட்டல் அதிகம் கையாளும் ஃபிரிஜியன் என்ற ஸ்வர வரிசைக்கும் இது பொருந்தும். நம் கணக்கில் அது எட்டாவது மேளமான அனுமத்தோடி. திருவனந்தபுரம் கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில், ஆண்டுதோறும் ஒன்பது இரவுகள் சுவாதித் திருநாளின் கிருதிகளைப் பாடுகிறார்கள். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, நான்காம் நாள் தோடி, ஒன்பதாம் நாள் ஆரபி. மேலை நாட்டார் மகிழ்ச்சியின் அளவுகோல் எனச் சொல்லும் மேஜர் ஸ்வர வரிசை நம் சங்கராபரணம். இருளின் அளவுகோல் எனச் சொல்லும் ஃபிரிஜியன் நம் தோடி. இரண்டுக்கும் ஒரே விழாவில், ஒரே தேவியின் முன்னால் இடம் இருக்கிறது. எனவே ஸ்வர வரிசையை மட்டும் வைத்து ஒரு மெட்டல் பாட்டைச் சோகம் என்றோ மகிழ்ச்சி என்றோ தீர்மானிக்க முடியாது.

தம்புராவும் ஆம்ப்ளிஃபயரும்

மெட்டலின் அடிப்படைச் சேர்க்கை 'பவர் கார்டு'. அதில் இருப்பவை இரண்டே ஸ்வரங்கள்: சட்ஜமும் பஞ்சமமும். காந்தாரம் கிடையாது. மேலை இசையில் ஒரு சேர்க்கை மகிழ்ச்சியா சோகமா என்பதைச் சொல்வது காந்தாரம்தான். அந்தர காந்தாரம் என்றால் மேஜர்; சாதாரண காந்தாரம் என்றால் மைனர். பவர் கார்டு இரண்டுக்கும் பிடிகொடுப்பதில்லை. தம்புராவும் இதையேதான் செய்கிறது. பஞ்சமத்தையும் சட்ஜத்தையும் மீட்டிக்கொண்டு, மற்றதைப் பாடகரிடம் விட்டுவிடுகிறது.

ஆனால் நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில் யாரும் மீட்டாத ஒரு ஸ்வரம் கேட்கும். மந்தர சட்ஜத் தந்தி அதிரும்போது அதன் ஐந்து மடங்கு அதிர்வாக அந்தர காந்தாரம் தானாக எழும். நம் வித்வான்கள் அதை சுயம்பு காந்தாரம் என்பார்கள். மெட்டல் கிடாரிலும் அது எழுகிறது, இன்னும் வலுவாக. எப்படி என்பதை எண்களிலேயே பார்த்துவிடலாம்.

கிடாரின் ஐந்தாம் தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் நொடிக்கு 110 அதிர்வுகள். அதைச் சட்ஜமாகக் கொள்வோம். அதன் பஞ்சமம் 165. (கிடாரின் சமச் சுருதியில் இது 164.8, வித்தியாசம் காதுக்கு எட்டாத அளவு.) இந்த இரண்டையும் சாதாரண ஒலிபெருக்கியில் கேட்டால் இரண்டும் இரண்டாகவே ஒலிக்கும். ஆம்ப்ளிஃபயரை அதன் தாங்குதிறனுக்கு மேல் ஓட்டி, ஒலி அலையின் முகடுகள் வெட்டுப்படும்படி செய்வதுதான் டிஸ்டார்ஷன். அப்படி வெட்டுப்படும்போது உள்ளே போன ஒலிகளின் வித்தியாசமும் கூட்டுத்தொகையும் புது ஒலிகளாகப் பிறக்கின்றன. 165இலிருந்து 110ஐக் கழித்தால் 55. அது ஒரு ஸ்தாயி கீழே உள்ள சட்ஜம். வாசிக்காமலே வயிற்றில் அதிரும் அந்தக் கனத்தின் பிறப்பிடம். 110ஐயும் 165ஐயும் கூட்டினால் 275. மேல் ஸ்தாயி சட்ஜமான 220க்கு இது 5:4 விகிதம். அதாவது அந்தர காந்தாரம்.

டிஸ்டார்ஷன் ஏற்றிய ஒவ்வொரு பவர் கார்டுக்குள்ளும் சங்கராபரணத்தின் காந்தாரம் மறைந்து ஒலிக்கிறது என்பது இதன் பொருள். அதே டிஸ்டார்ஷனில் மைனர் சேர்க்கையை முழுமையாக வாசித்தால் என்ன ஆகும்? சாதாரண காந்தாரம் 132. அதன் மேல் ஸ்தாயி அதிர்வு 264. உள்ளே மறைந்திருக்கும் 275உடன் அது மோதி நொடிக்கு 11 முறை துடிக்கும். காதுக்கு அது கரகரப்பு. மெட்டல் கிடார் கலைஞர்கள் சோகப் பாட்டிலும் முழு மைனர் சேர்க்கையைத் தவிர்த்துப் பவர் கார்டையே நாடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த ஒரு ஸ்வரமே பாட்டை மகிழ்ச்சியாக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படியென்றால் எல்லா மெட்டல் பாட்டும் குதூகலமாக இருக்க வேண்டும். அந்த ஒலியின் கனத்துக்கும் அதன் வெளிச்சத்துக்கும் ஊற்று ஒன்றே என்பதுதான் இங்கே முக்கியம். கொச்சியின் 'மதர்ஜேன்' குழுவில் பைஜு தர்மஜன் எலெக்ட்ரிக் கிடாரில் கர்நாடக கமகங்களை வாசித்தபோது அவை ஒட்டவைத்தவைபோல ஒலிக்காததற்கும் இது உதவியிருக்கும். அந்தக் குழுவின் 'மக்தூப்' தொகுப்பும் 2008இல்தான் வந்தது. சட்ஜ பஞ்சம ஆதாரத்தின் மேல் ராகம் இழைப்பது நமக்குப் பழைய பழக்கம்.

வேகமும் தாவலும்

கேட்ட மாத்திரத்தில் மகிழ்ச்சி என்று தோன்றும் மெட்டலுக்கு முன்மாதிரி ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து 'ஹெலோவீன்' குழு. 1987இலும் 1988இலும் இரண்டு பாகங்களாக வந்த அவர்களுடைய 'கீப்பர் ஆஃப் த செவன் கீஸ்' தொகுப்புகள் பவர் மெட்டல் என்ற வகைக்கு வழிவகுத்தன. இரண்டு கிடார்கள் ஒரே மெட்டைக் காந்தார இடைவெளியில் சேர்ந்து வாசிக்கும். டிரம்ஸில் இரண்டு பாதங்களும் இடைவிடாமல் ஓடும். மைக்கேல் கிஸ்கேயின் குரல் உச்ச ஸ்தாயியில் தாவித் தாவிச் செல்லும். பின்லாந்தின் 'கோர்பிக்லானி' தன் நாட்டு நாட்டுப்புற நடனத்தையும், ஸ்காட்லாந்தின் 'அலெஸ்டார்ம்' கடற்கொள்ளையர் கதைகளையும், ஜப்பானின் 'பேபிமெட்டல்' இளம்பெண்களின் துள்ளல் பாட்டையும் மெட்டலில் கலந்து குதூகலத்தைப் பல பக்கம் விரித்தன.

இந்தப் பாடல்கள் எல்லாம் மேஜரில் அமைந்தவை அல்ல. லண்டனின் 'டிராகன்ஃபோர்ஸ்' 2006இல் வெளியிட்ட 'த்ரூ த ஃபயர் அண்ட் ஃப்ளேம்ஸ்' மைனரில் அமைந்தது. ஆனாலும் அதைச் சோகப் பாட்டு என்று சொல்பவரைப் பார்ப்பது அரிது. காரணம் அதன் வேகம்: நிமிடத்துக்கு 200 தட்டுகள். ஸ்வர வரிசையின் சோகத்தை வேகம் வென்றுவிடுகிறது.

வேகத்தோடு தாவலும் சேர வேண்டும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நமக்கு மிக நெருக்கமானது. கர்நாடக இசையையும் மேலை இசையையும் ஒரு பக்கமும், தமிழ்ப் பேச்சையும் ஆங்கிலப் பேச்சையும் மறுபக்கமும் வைத்து ஒப்பிட்டார்கள். உற்சாகத்தோடு தொடர்புபடுத்தப்படும் இசையில் ஸ்வரங்களுக்கு இடையிலான தாவல் பெரிதாக இருந்தது. அடங்கிய துயர இசையில் சிறிதாக இருந்தது. இரண்டு மொழிப் பேச்சிலும் அதே பாங்கு தெரிந்தது. உற்சாகமாகப் பேசும் தமிழர் குரலை ஏற்றி இறக்குகிறார். மனம் சோர்ந்தவர் குரலை ஒரே மட்டத்தில் வைத்திருக்கிறார். இருண்ட மெட்டலின் ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரிகள்) சட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் இடையே, இருப்பதிலேயே சிறிய இடைவெளியில், ஊர்வதையும் குதூகல மெட்டலின் பல்லவிகள் பெரிய இடைவெளிகளில் தாவுவதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வேகத்தின் இன்பத்தைக் கேரளம் செண்டையில் எப்போதோ கண்டுகொண்டது. பஞ்சாரி மேளத்தை எடுத்துக்கொள்வோம். 96 அட்சரக் காலத்தில் மெல்லத் தொடங்கி 48, 24, 12, 6 என்று ஒவ்வொரு கட்டத்திலும் சுற்று பாதியாகச் சுருங்கும். செண்டை, இலத்தாளம், கொம்பு, குழல் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். மெட்டுக்கு அங்கே பெரிய இடமில்லை. மேஜர், மைனர் என்ற பேச்சும் எழாது. ஆறு அட்சரக் காலத்துக்கு வரும்போது எதிரே நிற்கும் கூட்டம் கைகளை வானில் வீசி ஆர்ப்பரிக்கும். ஓணக் கொண்டாட்டத்தின்போது திருவனந்தபுரத்துத் தெருக்களில் சிங்காரி மேளக் குழுவினர் செண்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடியபடியே அடிப்பதைப் பார்த்த எவருக்கும், கனத்த ஒலி மனிதரை எப்படி மகிழ்விக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

சினத்திலிருந்து பெருமிதத்துக்கு

குதூகலமாக ஒலிக்காத மெட்டல் எப்படி மகிழ்விக்கிறது? இதே நகரில் 2005இல் தொடங்கிய 'கேயாஸ்' குழுவின் இசை, வேகமும் கடுமையும் மிக்க த்ராஷ் மெட்டல். 2013இல் வெளிவந்த அவர்களுடைய தொகுப்பு 'வயலன்ட் ரிடெம்ப்ஷன்'. அந்த இசையில் சினம் வெளிப்படையாகவே இருக்கிறது. கண்ணூரில் தோன்றிய 'த டவுன் டிராடன்ஸ்' குழுவின் 2014ஆம் ஆண்டுத் தொகுப்பும் தெய்யம் என்ற சடங்காட்டத்தின் ஆவேசத்தையும் அடக்கப்பட்டவர்களின் குரலையும் மெட்டலில் ஏற்றியது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் லியா ஷார்மன், ஜெனவீவ் டிங்கிள் இருவரும் 2015இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பதில் தருகிறது. 18 முதல் 34 வயது வரையிலான 39 கடும் இசை ரசிகர்களை அழைத்து, தங்களைக் கோபப்படுத்திய நிகழ்ச்சிகளைப் பற்றி 16 நிமிடம் பேசவைத்துச் சினமூட்டினார்கள். பிறகு ஏறக்குறைய பாதிப் பேர் தாங்கள் விரும்பிய கடும் இசையை 10 நிமிடம் கேட்டார்கள். மற்றவர்கள் அமைதியாக இருந்தார்கள். இசை கேட்டவர்களின் கோபம் ஏறவில்லை. அமைதியாக இருந்தவர்களைப்போலவே அவர்களுடைய சினமும் தணிந்தது. கூடவே ஊக்கமும் உயிர்ப்பும் கூடின. சிட்னியின் மக்வாரி பல்கலைக்கழகத்தில் பில் தாம்ப்சன் குழுவினர், வன்முறை வரிகள் நிறைந்த டெத் மெட்டலைக் கேட்கும்போது ரசிகர்கள் என்ன உணர்கிறார்கள் என்று கேட்டபோது வந்த விடைகள் ஆற்றல், மகிழ்ச்சி, அமைதி, வியப்பு.

இந்த விடைகளை விளங்கிக்கொள்ளத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் துணைநிற்கிறது. அது எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்பதையும் வகுக்கிறது. வெகுளிக்கு நிலைக்களன்கள் உறுப்பை அறுப்பதும், குடியைச் சிதைப்பதும், அலைப்பதும், கொலையும். கடும் மெட்டலின் பாடுபொருளை இதைவிடச் சுருக்கமாகப் பட்டியலிட முடியாது. பெருமிதம் பிறப்பது கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகியவற்றிலிருந்து. அஞ்சத்தக்க ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு அஞ்சாமல் நிற்பது தறுகண். பாட்டில் இருப்பது வெகுளி. அதைத் தாங்கி நிற்கும் கேட்பவரிடம் எழுவது பெருமிதம். டெத் மெட்டல் ரசிகர்கள் சொன்ன ஆற்றலும் இதுதான். அவர்கள் சொன்ன வியப்புக்கு மருட்கை என்ற மெய்ப்பாடு இருக்கிறது. உவகையின் நான்கு நிலைக்களன்களில் ஒன்று விளையாட்டு. ஹெலோவீனும் பேபிமெட்டலும் தரும் மகிழ்ச்சி அங்கே வந்து சேர்கிறது.

ஆகவே மெட்டலில் இரண்டு மகிழ்ச்சிகள் உண்டு. ஒன்று பாட்டிலேயே ஒலிக்கும் விளையாட்டு. மற்றொன்று பாட்டின் சினத்தைக் கடந்துவரும் பெருமிதம். 1992இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'ருத்ரா' குழு இரண்டாவதற்குச் சிறந்த சான்று. 'பிரம்மவித்யா' என்ற பெயரில் அவர்கள் வெளியிட்ட மூன்று தொகுப்புகளில் இசை டெத் மெட்டல், பொருள் வேதாந்தம். உறுமும் குரலில் ஆன்ம விசாரம் நடக்கிறது.

கூட்டத்தின் களிப்பு

பாட்டிலிருந்து வரும் இந்த இரண்டோடு, மகிழ்ச்சிக்கு மூன்றாவது ஊற்றும் உண்டு: கூட்டம். மெட்டல் கச்சேரிகளில் மேடைக்கு முன்னால் இளைஞர்கள் ஒருவரையொருவர் மோதிக்கொண்டு ஆடும் இடத்துக்கு மாஷ் பிட் என்று பெயர். கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் அத்தகைய காட்சிகளின் காணொளிகளை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் மனிதர்களின் வேகங்கள் ஒரு வாயுவின் மூலக்கூறுகளின் வேகங்களைப் போலவே பரவியிருந்தன. சில நேரம் அதே கூட்டம் தானாக ஒரு சுழலாக மாறி எல்லோரும் ஒரே திசையில் வட்டமிட்டார்கள். யாரும் ஆணையிடாமல் ஒழுங்கின்மை ஒழுங்காக மாறுகிறது. கீழே விழுந்தவரை உடனே தூக்கிவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். மேளத்தின் முன்னால் முன்பின் தெரியாதவர்கள் ஒரே அட்சரத்தில் கையுயர்த்துவதும் இந்த வகையில்தான் சேரும்.

டெல்லியின் 'பிளட்டிவுட்' இதை நன்றாகப் புரிந்துகொண்ட குழு. பஞ்சாபின் டோல் முரசையும் பாங்க்ராவின் துள்ளலையும் மெட்டலோடு இணைத்து, 2019இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் வாசித்து உலகின் கவனத்தைப் பெற்றது. அவர்களுடைய பாடல்களில் பாலியல் வன்முறை, மன அழுத்தம், ஊழல் எல்லாம் பேசப்படுகின்றன. ஆனாலும் டோல் ஒலித்ததும் கூட்டம் துள்ளுகிறது. துயரத்தை மறக்காமலே துள்ள முடியும் என்பதை அந்தக் கூட்டம் காட்டுகிறது.

இந்தக் களிப்புக்கு ஒரு விலையும் உண்டு. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. இசை நிகழ்ச்சி அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. செண்டைக்கு அருகில் ஆண்டுக்கணக்கில் நிற்பவர்களுக்கும் கிடார் ஆம்ப்ளிஃபயருக்கு அருகில் நிற்பவர்களுக்கும் காதுக் காப்பு ஒன்றுபோலவே தேவை. கேட்கும் திறன் போய்விட்டால் எந்த இசையின் மகிழ்ச்சியும் மிஞ்சாது.

செய்ய வேண்டியது

1939இல் இசைக் கழகமாகத் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி இதே நகரில் இருக்கிறது. ராகத்தையும் கமகத்தையும் நுட்பமாக அறிந்த ஆசிரியர்கள் அங்கே உண்டு. டிஸ்டார்ஷனின் அலைகளை அளக்கத் தெரிந்த பொறியியல் மாணவர்கள் சில கிலோமீட்டர் தொலைவில் படிக்கிறார்கள். செண்டைக் கலைஞர்களும் மெட்டல் வாசிப்பவர்களும் அதே ஊரில் இருக்கிறார்கள். இவர்கள் ஒன்றாக உட்கார்ந்து தம்புராவின் சுயம்பு காந்தாரத்தையும் கிடாரின் 275 அதிர்வையும் அருகருகே பதிவுசெய்து ஒப்பிடலாம். பஞ்சாரியின் ஆறு அட்சரக் காலத்தில் கேட்பவரின் இதயத் துடிப்பையும், த்ராஷ் மெட்டல் கச்சேரியில் கேட்பவரின் துடிப்பையும் அளந்து பார்க்கலாம். மேலை ஆய்வுகள் பலவும் மகிழ்ச்சி, சோகம் என்ற இரண்டு பெட்டிகளோடு தொடங்குகின்றன. எட்டு மெய்ப்பாடுகளை வகுத்துவைத்த மரபிலிருந்து தொடங்கினால் இன்னும் நுண்ணிய கேள்விகளைக் கேட்க முடியும்.

வீட்டில் பிள்ளைகள் மெட்டல் கேட்டால் பெற்றோர் கவலைப்படுவது இயல்பு. அந்த வீட்டாருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கதவைத் தட்டி ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள், காதுக்காக. அதன்பின் உள்ளே போய் உட்கார்ந்து ஒரு பாட்டை முழுதாகக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் அந்தப் பாட்டு தங்களை என்ன செய்கிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ஆய்வுகள் காட்டும் விடையே பெரும்பாலும் வரும்: பலம், களிப்பு, நிம்மதி. அப்படிச் சொல்லும் பிள்ளையின் பேச்சை நம்ப வேண்டும். இசை எங்கே மகிழ்ச்சியாகிறது என்பதற்கு முதல் சாட்சி அதைக் கேட்பவர்தான்.